மருந்தை மெதுவாக விடும் கொழுப்பு: ஓர் எளிய விளக்கம்

மனநலப் பிரிவில் மாதம் ஒருமுறை போடுகிற ஹாலோபெரிடால் டெக்கனோயேட் ஊசியில் என்னென்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தால், மருந்துக்கு அடுத்தபடியாக எள் எண்ணெய் என்று இருக்கும். ஆமாம், நல்லெண்ணெய்தான், ஊசியில் போடும் தரத்துக்குச் சுத்தம் செய்தது. தினமும் மாத்திரை விழுங்க வேண்டிய ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சதையில் ஊசி போட்டால் போதும் என்ற நிலை வந்ததில் அந்த எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பை வைத்து மருந்தை மெதுவாக வெளியே விடுவது என்று பார்மசி பாடங்களில் வருகிற விஷயத்துக்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில், எதற்காக மெதுவாக விட வேண்டும்? சாதாரண மாத்திரை போட்டதும் மருந்து குடலில் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது, அதன் அளவு சட்டென்று ஏறுகிறது, அப்புறம் கல்லீரலும் சிறுநீரகமும் அதை மாற்றியும் வெளியேற்றியும் விடுவதால் இறங்கிக்கொண்டே போகிறது, அடுத்த வேளை மாத்திரை போட்டதும் மறுபடியும் ஏறுகிறது. உச்சியில் இருக்கும்போது பக்கவிளைவு வரலாம், பள்ளத்தில் இருக்கும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். நல்லது செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையில் நிறைய இடைவெளி இருக்கிற மருந்து என்றால் இந்த ஏற்ற இறக்கம் பெரிய பிரச்சினை இல்லை. இடைவெளி குறுகலாக இருந்தாலோ, நோயாளி ஒரு வேளை மறந்தாலே நோய் திரும்பும் என்றாலோ, கதை வேறு. அந்த மாதிரி இடங்களில் மருந்து உடலுக்குள் எங்கேயாவது ஓரிடத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும் அல்லவா, அந்த 'ஓரிடம்' கொழுப்பாக இருக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஹாலோபெரிடாலுக்கு வருவோம். மூலக்கூறை அப்படியே எண்ணெயில் போட்டால் போதாது, அது சீக்கிரமே எண்ணெயை விட்டு வெளியேறிவிடும். அதனால் அதோடு டெக்கனாயிக் அமிலத்தை, அதாவது 10 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு கொழுப்பு அமிலத்தை (தேங்காய் எண்ணெயிலும் இது கொஞ்சம் இருக்கிறது), வேதிப்பிணைப்பால் ஒட்டவைக்கிறார்கள். இப்போது அந்த மூலக்கூறுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். சதைக்குள் போட்ட எண்ணெய்த் துளியிலிருந்து அது மிக மெதுவாகத்தான் சுற்றியுள்ள திரவத்துக்குள் இறங்கும், இறங்கிய பிறகு உடலில் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் வால் மாதிரி ஒட்டியிருக்கும் அந்தக் கொழுப்பு அமிலத்தை வெட்டிவிட, பழைய ஹாலோபெரிடால் வெளிப்பட்டு வேலை செய்யும். ரத்தத்தில் உச்ச அளவு வருவதற்கே சுமார் 6 நாள் ஆகும், அதன் பிறகு அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 3 வாரம். மாதம் ஒரு ஊசி எப்படிப் போதுமானது என்பதற்கான விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம். சதைக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது, கை நடுக்கமோ உடல் இறுக்கமோ வந்தால் அது வாரக்கணக்கில் கூடவே இருக்கும். அதனால்தான் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே ஊசிக்கு மாற்றுவார்கள். வீட்டில் யாருக்காவது இந்த ஊசி ஆரம்பிக்கிறார்கள் என்றால், 'ஏன் முதலில் மாத்திரை' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், அது அவசியமான படி.

எண்ணெய் வழி எளிமையானது, ஆனால் அதில் நாம் கட்டுப்படுத்தக்கூடிய விஷயங்கள் குறைவு. மருந்து கொழுப்பில் கரைய வேண்டும், பெரும்பாலும் சதையில்தான் போடுவார்கள், ரத்தக்குழாயில் எண்ணெயை அப்படியே ஏற்ற முடியாது. தண்ணீரில் கரையும் மருந்தை என்ன செய்வது? ரத்தத்தில் சுற்ற வேண்டிய மருந்தை என்ன செய்வது? இங்கேதான் லிப்போசோம் வருகிறது.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்திலிருக்கும் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர், பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மூடிய உருண்டைகள் தெரிந்தன. பாஸ்போலிப்பிட் மூலக்கூறுக்கு ஒரு தலையும் இரண்டு வாலும் உண்டு, தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்கு ஆகாது. தண்ணீரில் விட்டதும் வால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி இரட்டை அடுக்காக நின்றுகொள்கின்றன, அந்த அடுக்கு வளைந்து மூடி உருண்டையாகிவிடுகிறது, இந்த உருண்டைதான் லிப்போசோம். யாரும் பிடித்து உருட்ட வேண்டியதில்லை. நம் செல்களின் சவ்வும் அடிப்படையில் இதே அமைப்புதான், அதனால் உடலுக்கு இது அந்நியப் பொருளாக அவ்வளவாகத் தெரிவதில்லை, வேலை முடிந்ததும் கொழுப்பாகவே செரித்துவிடும். கொழுப்பை மருந்து சுமக்க வைக்கலாம் என்று இத்தனை பேர் இறங்கியதற்கு இது முக்கியமான காரணம்.

உருண்டைக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. நடுவில் தண்ணீர், சுவரில் கொழுப்பு. தண்ணீரில் கரையும் மருந்தை நடுவிலும் கொழுப்பில் கரைவதைச் சுவரிலும் வைக்கலாம். சுவரில் வைத்த மருந்து பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்காது, பக்கத்தில் ரத்தப் புரதமோ வேறொரு செல்லின் சவ்வோ வந்தால் அதற்குத் தாவிவிடும். நடுவில் வைத்தது வெளியே வர வேண்டுமென்றால் கொழுப்புச் சுவரைக் கடந்தாக வேண்டும். ஆக, எவ்வளவு வேகத்தில் மருந்து வெளியே வரும் என்பதை முடிவு செய்வது அந்தச் சுவர். சுவரின் வால்கள் நீளமாகவும் வளைவில்லாமலும் இருந்தால் நெருக்கமாகச் சேர்ந்து இறுகும், வால்களில் வளைவு இருந்தால் தளர்ந்து கசியும், நடுநடுவே கொலஸ்ட்ரால் சேர்த்தால் இடைவெளிகள் அடைபட்டுக் கசிவு குறையும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோன மருந்து டாக்சில். உள்ளே இருப்பது டாக்சோரூபிசின், கீமோவில் சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே அதுதான். நல்ல புற்றுநோய் மருந்து, ஆனால் இதயத் தசையைக் கெடுக்கும். ஜெருசலேமில் ஹடாஸா மருத்துவமனை, ஹீப்ரு பல்கலைக்கழகப் பக்கம் வேலை செய்த எகெஸ்கெல் பாரென்ஹோல்ஸ், ஆல்பர்டோ கபிசோன் ஆகியோரின் பல வருட உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995-இல் இதை அனுமதித்தது, அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்குள் மருந்தை ஏற்றும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் மருந்தே இல்லாமல், உள்ளே அம்மோனியம் சல்பேட் கரைசலை வைத்து லிப்போசோம் செய்கிறார்கள், அளவு 100 நானோமீட்டருக்குள். பிறகு வெளியே இருக்கும் அம்மோனியம் சல்பேட்டைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பிரிகிறது, அதற்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், வெளியேறும்போது ஹைட்ரஜன் அயனியை உள்ளேயே விட்டுவிடும், உள்பக்கம் அமிலத்தன்மை கூடும். இப்போது வெளியே டாக்சோரூபிசினை ஊற்றிச் சூடாக்கினால், மின்னூட்டமில்லாத வடிவில் இருக்கும் மூலக்கூறுகள் சுவரைக் கடந்து உள்ளே போகின்றன, போனதும் அங்கிருக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து மின்னூட்டம் பெறுகின்றன, மின்னூட்டம் பெற்றுவிட்டால் சுவரைத் திரும்பக் கடப்பது கஷ்டம். அதோடு சல்பேட்டுடன் சேர்ந்து உள்ளேயே படிகமாக இறுகியும் விடுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் காபிக்கொட்டையின் நடுக்கோடு மாதிரி ஒரு கோடு தெரியும், அந்தக் கோடுதான் மருந்துப் படிகம். ஒரே உருண்டைக்குள் 10,000-க்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் ஏறிவிடுகின்றன.

சுவருக்கு அவர்கள் எடுத்தது ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்போலிப்பிட், அது இளகுவதற்கு 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், உடம்பின் 37 டிகிரியில் இறுகியே இருக்கும். மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை நட்டுவிட்டார்கள், இதனால் கல்லீரல், மண்ணீரல் பக்கம் இருக்கும் விழுங்கு செல்கள் இதைச் சீக்கிரம் அடையாளம் கண்டு விழுங்குவதில்லை. வெறும் டாக்சோரூபிசின் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பரவத் தொடங்கிவிடும், இதுவோ இரண்டு மூன்று நாள் ரத்தத்திலேயே சுற்றுகிறது. இதயத்துக்கு வரும் கெடுதல் கணிசமாகக் குறைந்தது. ஆனால் நீண்ட நேரம் சுற்றுவதால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து உரிந்து எரியும் பிரச்சினை புதிதாக வந்தது. வெளியேறும் வேகத்தை மாற்றினால் பக்கவிளைவு குறைவதோடு சில சமயம் இடமும் மாறும் என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது ஒரு தோல்வி. டாக்சிலின் வெற்றியைப் பார்த்து இதே மாதிரி இறுக்கமான லிப்போசோமுக்குள் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தை வைத்து எஸ்பிஐ-77 என்ற பெயரில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். லிப்போசோம் நீண்ட நேரம் சுற்றியது, கட்டியிலும் போய்ச் சேர்ந்தது, பக்கவிளைவும் குறைவு. ஆனால் கட்டி குறையவில்லை. காரணம் என்னவென்றால், மருந்து உருண்டையை விட்டு வெளியே வரவே இல்லை, வந்தது மிகக் குறைவு. புதிதாக இந்தத் துறையைப் படிக்கிறவர்கள் பிடித்து வைப்பதிலேயே கண்ணாக இருப்பார்கள், எத்தனை சதவீதம் உள்ளே ஏறியது, எத்தனை நாள் கசியாமல் நின்றது என்று. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் கஷ்டமான பாதி மருந்தை வெளியே விடுவதுதான். உள்ளே இருக்கும்வரை அது மருந்தாக வேலை செய்யாது. எங்கே, எந்த வேகத்தில், எதனால் வெளியே வரப்போகிறது என்பதற்குப் பதில் இல்லாமல் செய்த வாகனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

ரத்தத்தில் சுற்றத் தேவையில்லை, போட்ட இடத்திலேயே இருந்தால் போதும் என்றால் உருண்டையைப் பெரிதாக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து தையல் போடும் முன் அந்த இடம் மரத்துப்போக பியூபிவகெயின் போடுவார்கள், அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸ்பாரெல் என்ற மருந்தில் அதே பியூபிவகெயின் 10 முதல் 30 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளில் இருக்கிறது, டாக்சிலைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்துக் கரைசல் நிரம்பிய பல சிறு அறைகள், நடுவே கொழுப்புச் சுவர்கள், சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு. வெளிப்பக்கத்து அறை உடைந்தால் அதிலிருப்பது மட்டும் வெளியே வரும், மற்றவை அப்படியே இருக்கும், அதனால் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை.

இதனோடு வரும் குறிப்புத்தாளில் இருக்கும் எச்சரிக்கைகளைப் படித்தாலே கொழுப்பு வாகனம் எவ்வளவு நாசூக்கானது என்று புரியும். அதே இடத்தில் லிடோகெயின் என்ற இன்னொரு மரத்துப்போக வைக்கும் மருந்தைப் போட்டிருந்தால் குறைந்தது 20 நிமிடம் கழித்தே இதைப் போட வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் பியூபிவகெயின் சட்டென்று வெளியே வந்துவிடலாம். தோலைத் துடைத்த பொவிடோன் அயோடின் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு இதன் மேல் படக்கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்த மருந்தை உருக்கினால் பார்க்கப் பழைய மாதிரி வெள்ளையாக இருக்கலாம், உள்ளே அறைகள் கிழிந்திருக்கும். இதன் பலன் எவ்வளவு என்பதில் மயக்கவியல் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் நான்கு நாள் வரை மருந்து தெரிகிறது, ஆனால் வலி அத்தனை நாளும் குறைந்தே இருக்கிறதா, விலை குறைந்த சாதாரண பியூபிவகெயினைவிடப் பெரிய வித்தியாசம் உண்டா என்று கேட்டால் பல ஆய்வுகள் தயங்குகின்றன. மருந்து இருப்பதும் போதுமான அளவில் இருப்பதும் வேறு வேறு.

நடுவே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொழுப்பு வாகனம் என்றாலே மெதுவாக விடுவதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது நாடு முழுக்க லிப்போசோம் ஆம்போடெரிசின்-பி கிடைக்காமல் எல்லோரும் அலைந்தது நினைவிருக்கும். அங்கே லிப்போசோமின் முக்கிய வேலை சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது, மருந்து கொழுப்புச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நம் செல்களை அதிகம் தொடாமல் பூஞ்சையிடம் போய்ச் சேர்கிறது. எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசியிலும் கொழுப்புத் துகள்தான், அது செல்லுக்குள் நுழைந்து சரக்கை விரைவாக இறக்க வேண்டும், தாமதித்தால் வேலை கெடும்.

இன்னொரு வகை, திடக் கொழுப்பு நானோ துகள்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் வளர்ந்தவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும், இவற்றுக்கு எடுக்கும் கிளிசரைல் பெஹனேட், கிளிசரைல் மோனோஸ்டியரேட் போன்ற கொழுப்புகள் உடல் சூட்டிலும் உறைந்தே இருக்கும். உருக்கிய கொழுப்பில் மருந்தைக் கரைத்து, அதே சூட்டில் இருக்கும் சோப்புத்தன்மையுள்ள நீரில் கலந்து, பல நூறு பார் அழுத்தத்தில் சிறு இடுக்கு வழியாகப் பலமுறை தள்ளிக் குளிரவைத்தால் துகள்கள் கிடைக்கும். திடத்துக்குள் மருந்து நகர்வது மெதுவாக இருக்கும், அதனால் வெளியேறுவதும் மெதுவாக இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டு தொந்தரவுகள் வந்தன. சூடாக இருக்கும்போது மருந்தில் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது, குளிரும்போது திரும்பி வரப் பார்த்தால் அதற்குள் உள்பக்கம் உறைந்துவிட்டிருக்கும், அதனால் துகளின் மேற்பரப்பிலேயே தங்கி, பயன்படுத்திய முதல் சில மணி நேரத்தில் குபீரென்று வெளியேறிவிடுகிறது. இரண்டாவது, கொழுப்புப் படிகம் நாளாக நாளாக இன்னும் ஒழுங்காக அமைந்து, உள்ளே இடமில்லாமல் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது, அதுவும் குப்பியில் சும்மா இருக்கும்போதே. இதற்காகத்தான் திடக் கொழுப்போடு கொஞ்சம் திரவ எண்ணெயும் கலக்கும் அடுத்த வகை வந்தது. படிகம் ஒழுங்கில்லாமல் அமைந்தால் மருந்துக்கு இடம் கிடைக்கிறது.

ஸ்வீடனில் லுண்டு நகரத்தைச் சேர்ந்த காமுரஸ் நிறுவனத்தின் முறை எனக்கு ஆச்சரியமாகத் தெரிவது. சோயா பாஸ்போலிப்பிடையும் கிளிசரால் டையோலியேட் என்ற இன்னொரு கொழுப்பையும் கொஞ்சம் கரைப்பானில் கலந்து நீர்மமாகவே தோலுக்கடியில் போடுகிறார்கள், அங்கிருக்கும் ஈரத்தை உறிஞ்சியதும் அது தானாகவே கெட்டியான ஜெல்லாகிவிடுகிறது. போதைப் பழக்கச் சிகிச்சையில் தரும் பியூப்ரனார்பின் இப்படி வாரத்துக்கு ஒன்றாகவும் மாதத்துக்கு ஒன்றாகவும் வந்திருக்கிறது, ஐரோப்பாவில் 2018-இல் அனுமதி, அமெரிக்காவில் 2023-இல். தினமும் மருந்து வாங்க வரிசையில் நிற்க வேண்டிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். அதே தன்மைதான் ஆபத்தும்: தவறிப்போய் ரத்தக்குழாயில் ஏறினால் அங்கேயும் ஈரம் பட்டுக் கெட்டியாகி அடைத்துவிடலாம். அதனால் அமெரிக்காவில் இதை நோயாளி கையில் கொடுப்பதில்லை, மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும்.

கல்லூரியில் புராஜெக்டாக இதை எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியேறும் வேகத்தைப் பெரும்பாலும் டயாலிசிஸ் பையில்தான் (மருந்து மூலக்கூறு கடக்கும், துகள் கடக்காத சவ்வுப் பை) அளப்பீர்கள்: துகள் கரைசலைப் பைக்குள் போட்டு இருபக்கமும் கட்டி, 37 டிகிரியில் கலக்கிக்கொண்டிருக்கும் நீர்மத்தில் தொங்கவிட்டு, குறிப்பிட்ட நேரங்களில் வெளியிலிருந்து கொஞ்சம் எடுத்து மருந்தை அளந்து, எடுத்த அளவுக்குப் புதிது ஊற்றுவீர்கள். வெளியே இருக்கும் நீர்மத்தில் மருந்து தாராளமாகக் கரையுமா என்று முதலிலேயே பாருங்கள், கரையாவிட்டால் மருந்து வெளியே வராததற்குக் காரணம் உங்கள் துகளாக இருக்காது. பையின் சவ்வும் மருந்தைத் தாமதப்படுத்தும். அதனால் துகள் எதுவும் இல்லாத வெறும் மருந்துக் கரைசலையும் அதே மாதிரிப் பையில் போட்டு, அதே நேரங்களில் அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். வெறும் கரைசலே வெளியே வர எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், உங்கள் துகள் எட்டு மணி நேரம் தாமதப்படுத்தியது என்று எழுத முடியாது.